களத்தில் வாசித்த மூன்றாம் ஓலை

உபதேசியார் கலியாண ஓலை வாசிக்கும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேத பாடம் வாசிக்கக் கண்ணாடி வேண்டும், அறிவிப்புகள் சொல்லவும் வேண்டும், இதற்கு மட்டும் வேண்டாம். ஏன் என்று யாராவது கேட்டால், "மூஞ்சியெல்லாம் தெரிஞ்சா அந்தக் கேள்வி வாயில வராதுய்யா" என்பார். ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஓடு போட்ட சின்ன மெதடிஸ்ட் கோயில். போதகர் நாலைந்து ஊர்களுக்குச் சேர்த்து ஒருவர்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, பிள்ளை பிறந்த வீட்டில் ஜெபிப்பது, சாவு வீட்டில் முதல் ஆளாய்ப் போய் நிற்பது எல்லாம் உபதேசியார்தான். குள்ளமான மனிதர், முன்கோபி. பாட்டை எப்போதும் எட்டாத சுருதியில் தொடங்கிவிட்டு, இரண்டாம் அடியில் எங்களை நடுவழியில் விட்டுவிட்டு இருமுவார். ஆனால் அவர் வராமல் எங்கள் சபையில் ஒரு நல்லதும் நடந்ததில்லை, கெட்டதும் நடந்ததில்லை.

ஓலை என்றால் என்ன என்று எங்கள் கோயிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கலியாணம் நிச்சயமானதும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப் போகிறது என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பார்கள். பெண் வீட்டார் கோயிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் கோயிலிலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி: இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்த நேரத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். யாரும் ஒன்றும் சொன்னதாக எனக்குத் தெரிந்து இல்லை. என்றாலும் அந்த மூன்று ஞாயிறும் கலியாணப் பெண் கோயிலுக்கு வரமாட்டாள். அது எங்கள் ஊர் வழக்கம். அவள் வீட்டிலேயே இருப்பாள். ஆராதனை விட்டதும் யாராவது ஒருவர் வாசல் வரைக்கும் வந்து "ஓலை வாசிச்சாச்சு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, கையில் கொடுக்கிற சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு போவார்.

நான் பிறவியிலேயே பயந்தவள். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டே இருப்பேன், இன்றைக்கும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் நகர ஆரம்பிக்கும், காது அடைக்கும், கீழே விழுந்துவிடுவேன். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. நின்றதில் எனக்கு நிம்மதிதான், அதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். தஞ்சாவூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். வலிப்பு கிலிப்பு ஒன்றும் கிடையாது, பயத்தில் வருகிற மயக்கம், வயது ஏற ஏறக் குறைந்துவிடும் என்றார். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னாலேயே ஒரு காரியம் நடந்திருந்தது. ஒரு வருஷம் பெரிய வெள்ளி ஆராதனை நெரிசலில், கோயிலுக்குள்ளேயே விழுந்துவிட்டேன். பெரியம்மா, அப்பாவின் அண்ணி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, இடுப்பில் செருகியிருந்த கொத்துச்சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் கையில் இரும்பு கொடுத்தாயிற்று என்றால் பார்த்த சனத்துக்கு அது வலிப்புதான். அதற்கு மேல் எந்த டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

எனக்கு முதலில் ஒரு இடம் பட்டுக்கோட்டைப் பக்கம் அமைந்தது. முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லிவிட்டுச் சர்க்கரை வாங்கிப் போனார். இரண்டாவது ஞாயிறு நான் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, சர்க்கரைக் கிண்ணத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆராதனை விட்ட சத்தம் கேட்டது. தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் பேச்சு நின்று, அப்புறம் தொடர்ந்தது. யாரும் வாசலில் நிற்கவில்லை. வெகு நேரம் கழித்து அப்பா வந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து முதல்நாள் இரவே சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பொண்ணுக்குக் கையில் சாவி கொடுக்கிற சீக்கு இருக்காமே என்றார்களாம். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கேட்க ஆரம்பித்துவிட்டது. தடை ஏதாவது யாருக்காவது தெரியுமா? தெரியுமே, ஊருக்கே தெரியுமே.

இரண்டாவது இடத்தைக் கொண்டுவந்தவர் உபதேசியார். திருத்துறைப்பூண்டியில் ஒரு லுத்தரன் குடும்பம். பையன் குவைத்தில் ஏசி மெக்கானிக். பேச்சு தொடங்குவதற்கு முன்னாலேயே இவர் நேராகப் போய்ப் பையனின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "பொண்ணு பயப்படும்மா. பயந்தா மயக்கம் போட்டுடும். வலிப்பு இல்ல. சாவி கொடுத்தது எங்க சபை செஞ்ச தப்பு. இதையெல்லாம் கேட்டுட்டுப் புடிச்சா வாங்க, புடிக்கலைன்னா ஒரு காப்பியக் குடுங்க, நான் கெளம்புறேன்" என்றாராம். அந்த அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு, "இடி இடிச்சா எம்மவன் இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் போவான். ரெண்டும் சேந்தே போகட்டும் விடுங்க" என்றார்களாம். உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்து அதை நடித்தே காட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். நான் மட்டும், அந்த அம்மா காப்பி கொடுத்ததுக்கு என்ன அர்த்தம் என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

மாப்பிள்ளைக்கு விடுப்பு கொஞ்ச நாள்தான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோயில்களில் ஈஸ்டர் வரைக்கும் கலியாணம் கிடையாது. ஈஸ்டருக்குள் அவர் குவைத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அடுத்த விடுப்பு இரண்டு வருஷம் கழித்துத்தான். எண்ணிப் பார்த்ததில், லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. மூன்றாவது ஓலை ஞாயிறு, செவ்வாய்க்கிழமை கலியாணம், புதன் லெந்து. ஒரு ஞாயிறு தப்பினாலும் போச்சு. முதல் இரண்டு ஓலைகளுக்கும் உபதேசியார் தானே சைக்கிளில் வந்து, வாசலில் மணியடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். ஆனால் உள்ளே, இன்னும் ஒன்று இருக்கிறதே என்று ஓடிக்கொண்டே இருந்தது. "ரெண்டாவது தடவையும் நின்னுபோச்சாம்" என்று யார் யார் எப்படிச் சொல்வார்கள் என்பதைக்கூட அவரவர் குரலில் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்த வருஷம் தண்ணீர் தாமதமாக வந்ததால் சம்பா அறுவடையும் தள்ளிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை, மழை வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். ஊரே பதறி, வயலில் நின்றதையெல்லாம் மிஷின் வைத்து அறுத்து, அரசாங்கம் நெல் வாங்குகிற கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. களம் நிறைய குவியல், குவியலுக்கு ஒரு குடும்பம். எடை போட வரிசை வருகிற வரைக்கும் காவல் காக்க வேண்டும். நனைந்துவிட்டால் ஈரம் என்று திருப்பிவிடுவார்கள். சனிக்கிழமை இரவே தூறல் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நெல்லை மூட இன்னொரு படுதா வாடகைக்கு எடுக்க ஒரத்தநாட்டுக்குப் போய்விட்டார். இருந்த ஒரு கிழிசல் படுதாவின் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரர்கள் மறுநாள்தான் வருவார்கள். பக்கத்துக் குவியல் பெரியம்மாவுடையது. "செவ்வாக்கிழம தாலி கட்டப் போறவள இப்படிக் காத்துல உக்கார வச்சிருக்கியே, கறுத்துப்போயிட மாட்டா?" என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து கோயில் மணி கேட்டது. களத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் வானத்தைப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. "அம்மா, நீயாவது போம்மா" என்றேன். "போனா இத யாருடி புடிக்கிறது? கலியாணக் கடன இத வித்துத்தான அடைக்கணும்?" என்றார் அம்மா. இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. கோயிலுக்குப் போனால் உபதேசியாரும், பெருக்கி மணியடிக்கிறவரும்தான் இருப்பார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சபை இல்லாமல் ஓலை ஏது? என் காது மெல்ல அடைக்க ஆரம்பித்தது. நான் நெல்லுக்குள் கையை விட்டு அழுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில், சைக்கிள் கைப்பிடியில் ஒரு மஞ்சள் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு உபதேசியார் களத்துக்குள் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். முகம் சிவந்து கிடந்தது. நேராக நடுக்களத்தில் சைக்கிளை நிறுத்தி, "நான் என்ன, பெஞ்சுக்கா ஓலை வாசிக்கிறது?" என்று ஒரு சத்தம் போட்டார். மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் தலைச்சாக்கை விலக்கிக்கொண்டு, "என்ன சாமி, கோயில இங்க தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார். "தூக்கத்தான்யா முடியல, அதான் நான் மட்டும் வந்தேன்" என்றார் உபதேசியார். எல்லாரும் சிரித்ததில் அவர் கோபமும் போய்விட்டது. பில் எழுதுகிற தம்பியிடம் போய்க் நெல் தூற்றுகிற மிஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அந்தத் தம்பிக்கு எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது. கலியாண விஷயம் என்றதும், "நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க" என்று அவரே கத்தினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓலை வாசிக்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. என் ஓலையை நான் கேட்கப் போகிறேன். அந்தக் கேள்வியை அவர் ஊர் நடுவில் கேட்கப் போகிறார், பதில் தெரிந்த அத்தனை பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். "நான் வீட்டுக்குப் போறேம்மா" என்று எழுந்தேன். அம்மா படுதாவை விடாமல் என் தாவணியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். உபதேசியார் என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "போகணுமாம்மா?" என்று கேட்டார். போகணும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் காற்று ஒரு தடவை வீசி, எங்கள் படுதா புடைத்துக்கொண்டு மேலே வந்தது. நான் பாய்ந்து முனையைப் பிடித்தேன். பிடித்த பிடியை விட முடியாமல் போனதால்தான் உட்கார்ந்தேன், தைரியத்தில் இல்லை.

அவரும் வந்து எங்கள் படுதாவின் மூன்றாவது முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டார். மறு கையில் வேதப்புத்தகம். கண்ணாடியைக் கழற்றக் கையில்லை. ஒரு பாட்டைத் தொடங்கினார், வழக்கம் போல எட்டாத சுருதியில். களம் முழுக்க, குவியல் குவியலாக, ஆளுக்கொரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாடினார்கள். ஜெபித்தார். பிறகு என் பெயரும் அப்பா பெயரும் ஊர் பெயரும் வந்தன. என் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "இது மூன்றாம் முறை" என்றார். அப்புறம் அந்தக் கேள்வி. கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தும் என் கண் பெரியம்மா பக்கம் போனது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தார், கையை உயர்த்தினார், "ஐயையோ!" என்று ஒரு அலறல். களமே திரும்பியது. எனக்குக் கண்ணுக்கு முன்னால் நெல் மணிகள் நகர ஆரம்பித்துவிட்டன.

"நாலாவது முனையப் புடிங்கடா, பறக்குது! புள்ள கலியாண நெல்லுடா அது!"

உண்மைதான். கல் வைத்திருந்த நாலாவது முனை கழன்று படுதா எங்கள் தலைக்கு மேல் எழுந்துவிட்டிருந்தது, முதல் பெருந்துளிகள் விழ ஆரம்பித்திருந்தன. அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பெரியம்மா தன் குவியலை விட்டுவிட்டு ஓடிவந்து படுதாவின் மேல் குறுக்கே விழுந்து படுத்தார். பின்னாலேயே சபை முழுக்க வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள், பில் எழுதுகிற தம்பி வந்தார். ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள். மழை கொஞ்ச நேரம்தான் பெய்தது. விட்டபோது நாங்கள் எல்லாரும் தெப்பலாக நனைந்திருந்தோம், நெல் நனையவில்லை. நான் மயங்கவில்லை என்பது எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

உபதேசியார் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, நீங்க போட்ட சத்தம் தடையா, என்ன? நான் எழுதிக்கணும்" என்று பெரியம்மாவைக் கேட்டார். பெரியம்மா படுத்த வாக்கிலேயே, "தடையாவது ஒண்ணாவது! நீர் சீக்கிரம் முடியும்யா, இடுப்பு வலிக்குது" என்றார். உபதேசியார் முறைப்படி இன்னொரு தடவை கேட்டார். இந்தத் தடவை மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்து மௌனமாக இருந்தார்கள். "ஆமென்" என்றார். எல்லாரும் சொன்னார்கள். "இன்னிக்கு வாசல்ல வந்து சொல்லுற வேல மிச்சம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

களத்தில் வாசித்தது செல்லுமா என்பது என் அடுத்த கவலை. அவருக்கும் அந்தக் கவலை இருந்திருக்கிறது. சாயங்காலம் எங்கள் வீட்டு போனிலிருந்துதான் போதகரைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். போதகர், "சபையில் எத்தனை பேர் இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். "கிறிஸ்மசுக்குக்கூட அத்தன பேரு வந்ததில்லைங்கய்யா" என்றார் உபதேசியார். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

உபதேசியார் ஓய்வு பெற்று இப்போது தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். போனில் பேசினால் அவர் மட்டும்தான் பேசுவார். எங்கள் கோயிலில் இப்போது இருக்கிற உபதேசியார் இளம் வயது, கம்ப்யூட்டர் படித்தவர். பெண்களும் மாறிவிட்டார்கள், தங்கள் ஓலையைத் தாங்களே முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள், கேட்டுவிட்டு வெளியே வந்து மாப்பிள்ளைக்குப் போன் போடுகிறார்கள். அந்த வழக்கத்தை உடைத்தவள் நான்தான் என்று ஊரில் சொல்வார்கள். காற்று உடைத்தது என்று நான் சொல்வேன். என் மகள் போன வருஷம் பள்ளிக்கூடத்து மேடையில் ஏறிப் பேசினாள். நான்தான் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் எங்கள் நெல்லுக்கு எடை போடும் முறை வந்தது. அப்பா களத்திலிருந்து நேராகக் கோயிலுக்கு ஓடிவந்தார். முடியில் உமித்தூசி ஒட்டியிருந்தது. கலியாண ஆராதனையிலும் அந்தக் கேள்வி ஒரு தடவை உண்டு. போதகர் சபையைப் பார்த்து அதைக் கேட்டாராம், நின்றாராம், அடுத்ததுக்குப் போனாராம். எனக்குத் தெரியாது. நான் அப்பா காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை மெதுவாக, "உங்களத்தான் கேக்குறாங்க" என்று சொன்ன பிறகுதான், சம்மதம் சொல்கிற இடம் வந்துவிட்டது என்று தெரிந்து தலையை நிமிர்த்தினேன். பெரியம்மா எனக்குப் பின்னால் ஒட்டியே நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று முந்தானைக்குள் ஒரு சோடா பாட்டிலை ஒளித்து வைத்திருந்தார். என் முதுகில் அதன் குளிர்ச்சி பட்டுக்கொண்டே இருந்தது. நான் "சம்மதம்" என்றேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது என்றார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், வெயிலில் நின்றபடி, அந்தச் சோடாவைப் பெரியம்மாவே உடைத்துக் குடித்தார்.